கண்மாயில் அலை உயரம் ஓரடி

ட்ரோன் இயக்கப் பயிற்சியில் மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். பதினொன்றில் நான் தேறிவிட்டேன். பன்னிரண்டாவது பாடத்தின் தலைப்பு, 'நகரும் படகிலிருந்து கேமரா ட்ரோனைப் பறக்கவிட்டு, நகரும் படகிலேயே இறக்குதல்'. அதைப் படித்ததும் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய புத்தகம் மாறி வந்துவிட்டதோ என்று சந்தேகம். இல்லை. 'ஆகாயத் திறன் நிலையம், சங்கரன்கோவில் மாலைநேரப் பிரிவு' என்றுதான் அச்சாகியிருந்தது. பிறகு என் மேலேயே சந்தேகம் வந்தது. இத்தனை வருடமும் இந்த ஊரில் படகு ஓடிக்கொண்டிருந்து, நான் மட்டும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். ஆட்டோக்கள்தான் இருந்தன.

எனக்கு அந்தச் சான்றிதழ் முப்பதாம் தேதிக்குள் வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் வேலை இருந்தது. ட்ரோனை மேலே அனுப்பித் தோட்டத்தைப் படம் பிடித்து, எந்த மரத்தில் நோய் விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சங்கத்தின் தலைவி மகபூப் பீவி. நான் பறக்கவிட்டதை ஒரு முறை பார்த்துவிட்டு, "கை சுத்தமா இருக்கு பிள்ள. ஆனா முப்பதாந் தேதி பேப்பரோட வரணும். ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் வேற கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றார். அதை நம்பி, பகலில் பார்த்த துணிக்கடை வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். என்னைவிட வேகமாகச் சேலை மடிக்கிறாள்.

நிலையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் இருந்தது. மாலை ஆறிலிருந்து எட்டு. முதல்வர் சாம்ராஜ் சார் அதற்கு முன் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர். ட்ரோனையும் அப்படியே கற்றுக்கொடுத்தார். முதல் ஒரு மாதம் நாங்கள் ட்ரோன் இல்லாமல், மேஜைமேல் விரல் வைத்து, இடது கட்டை விரல் மேலே, வலது கட்டை விரல் முன்னே என்று ஒரே தாளத்தில் அழுத்திப் பழகினோம்.

பன்னிரண்டாம் பாடத்தை அவர் நன்றாகவே தொடங்கினார்.

"கிளம்பின இடத்த ட்ரோன் ஞாபகம் வச்சுக்கிடும். பேட்டரி கொறஞ்சாலோ, நீங்க 'திரும்பு' பொத்தான அமுக்கினாலோ அங்கனயே போய் எறங்கும். படகு அதுக்குள்ள நகர்ந்து போயிருக்கும்லா? அப்ப அது எங்க போய் எறங்கும்?"

"நம்ம ஊர்லயா சார்?" என்றாள் ஃபஹீமா. என் பக்கத்து இருக்கை. அவளுடைய வாப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறார். "நம்ம ஊர்லன்னா கட்டாந்தரையில எறங்கும் சார்."

வகுப்பு சிரித்தது. சாம்ராஜ் சார் சிரிக்கவில்லை.

"தண்ணியில எறங்கும்மா. அதனால நீங்க நகர நகர, நீங்க நிக்கிற எடத்த அதுக்குப் புதுசாச் சொல்லிக் குடுத்துக்கிட்டே வரணும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பயிற்சியிலேயே எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அது என்பதால் அடிக்கோடும் போட்டேன். பிறகு எழுந்து, நம் ஊரில் எதற்குப் படகுப் பாடம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உட்கார்வதற்குள் தோன்றிவிட்டது.

"கோகிலா, பாடத்திட்டம் மாநிலம் பூரா ஒண்ணு. கடல் இருக்க ஊருக்கு ஒண்ணு, இல்லாத ஊருக்கு ஒண்ணுன்னு வச்சா அது பாரபட்சம். கடலு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக நம்ம பிள்ளைகளுக்குப் படகும் இல்லாம ஆக்கணுமா? நம்ம ஊர மட்டம் தட்டுறதுல்லா அது?"

"தெப்பக்குளத்துல தண்ணி கிடக்கே சார்" என்றாள் ஃபஹீமா.

"கோயில் மேல கேமரா பறக்கக் கூடாது. மேலயும் கேட்டாச்சு, கீழயும் கேட்டாச்சு. நமக்கு அனுமதிச்ச எடம் இளையரசனேந்தல் பக்கத்துக் கண்மாய்."

"அது காஞ்சு கிடக்கு சார்."

"தலைப்ப வாசி. நகரும் படகுன்னு இருக்கு. தண்ணின்னு எங்கயாவது போட்டிருக்கா?"

தலைப்பை மூன்று முறை வாசித்தேன். போடவில்லை.

படகு ஒன்று இருப்பதை சாம்ராஜ் சாரே கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே வெள்ள மீட்புக் கிட்டங்கி என்று, மீட்புச் சாமான்களைப் பூட்டி வைக்கும் ஓர் அலுவலகம் உண்டு. அதன் வளாகத்தில், வேப்ப மரத்தடியில், ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. விண்ணப்பத்தோடு என்னை அனுப்பினார்கள். என் கையெழுத்து தெளிவாக இருக்குமாம்.

கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை வாசித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதவில்லை. அது அவருக்குக் கூடுதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

"ஆவணி மாசத்துல படகு கேக்குதிய. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"ஒண்ணும் தெரியாதவங்க படகு கேக்க மாட்டாங்க." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "பெருமழை வரப்போவுதுன்னு மேலேருந்து தகவலா? எங்களுக்கே வராத தகவல் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

பயிற்சி என்றேன். புத்தகத்தைக் காட்டினேன். தலைப்பின் கீழ் விரல் வைத்து வாசித்தார். வாசித்துவிட்டு, இதை அச்சடித்தவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

"பாரும்மா, இந்தப் படகு இங்கன வந்து இருவது வருசமாவுது. இன்னைக்கு வரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணி அது மேல பட்டதில்ல. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம். நடுவுல ஒரு தடவ வெள்ளமே வந்துச்சு. தாலுகா பூரா ஆளுக வந்து கெஞ்சுனாங்க. விட்டனா? வெள்ளத்துல கொண்டு போய்ப் படகப் போட்டுட்டு, அதுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுறது?"

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் ஏதோ தவறு இருப்பதாகப் பட்டது. ஆனால் அவர் இருபது வருடமாக அந்தத் துறையில் இருப்பவர். நான் மூன்று மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறவள்.

விதிப்படி, வெள்ளம் இருக்கும்போது படகை வெளியே கொடுக்க முடியாது, தேவைப்படும். வெள்ளம் இல்லாதபோது கொடுக்கலாம். ஆனால் வெள்ளம் இல்லை என்பதற்குச் சான்று வேண்டும். 'வெள்ளமின்மைச் சான்று' என்று பெயர். அதை அவரே கொடுப்பார். அதற்கு ஆதாரமாகக் கண்மாயின் புகைப்படம் வேண்டும்.

இளையரசனேந்தலுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பதினான்கு படம் எடுத்து வந்தேன். கரிசல் மண் வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாகக் கிடந்தது.

"இது அந்தக் கண்மாய்தானா? தண்ணி இல்லேன்னா எல்லாக் கண்மாயும் ஒரே மாதிரில்லா இருக்கும்?"

மறுபடி போனேன். அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக் கண்மாயில் நின்று படம் எடுத்து வந்தேன்.

"நீ நிக்கிற எடத்துல இல்ல, ஒத்துக்கிடுதேன். உனக்குப் பின்னால இருக்கலாம்லா?"

மறுபடி போய், நான்கு திசைக்கும் திரும்பி நின்று நான்கு படம் எடுத்து வந்தேன். சான்று கிடைத்தது. அதில் ஒரு நிபந்தனை தட்டச்சாகியிருந்தது: 'பயன்பாட்டின்போது வெள்ளம் ஏற்பட்டால், பயனாளி படகை உடனே கிட்டங்கியில் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டேன்.

இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேர்வு. பிச்சையா அண்ணாச்சியின் டிராக்டர் ட்ரெய்லரில் படகை நிமிர்த்தி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கண்மாய்க்கு அதை இழுத்துப்போகும் வழியில் மூன்று ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, எங்கே தண்ணீர் என்று கேட்டார்கள். பிச்சையா அண்ணாச்சி ஒவ்வொரு ஊரிலும், "எனக்குத் தெரியாதுய்யா, கட்டி இழுக்கச் சொன்னாவ, இழுக்குதேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் சந்தேகத்தைப் பெருக்கியது. கண்மாய்க்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள், மேற்கே மலையில் புதிய அணை கட்டித் திறக்கப்போகிறார்கள், அரசாங்கம் முதல் படகை அனுப்பிவிட்டது என்று எங்களுக்கே செய்தி வந்துவிட்டது. கரையில் ஒருவர் வெள்ளத்துக்கு முந்திக்கொண்டு மாட்டுக்கொட்டகையின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தேர்வு அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பலகையில் சொருகிய படிவம். காரிலிருந்து இறங்கி, ஷூ நுனியால் தரையைக் குத்திப் பார்த்தார்.

"இங்கிருந்த தண்ணீர் எங்கே?"

"வத்திட்டு சார்" என்றார் சாம்ராஜ் சார்.

"எப்போது?"

"மாசியில சார்."

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். "அதாவது தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தண்ணீரை அப்புறப்படுத்தியிருக்கிறீர்கள். மாணவர்களுக்குத் தேர்வு சுலபமாக இருக்க வேண்டும் என்று."

"ஐயோ, இல்ல சார், அதுவாத்தான்..."

"அதுவாகவே போனது என்றுதான் எல்லா மையத்திலும் சொல்கிறார்கள். பாருங்கள், தண்ணீர் என்பது சூழ்நிலை. தேர்வு என்பது நடைமுறை. சூழ்நிலை மாறும், நடைமுறை மாறக்கூடாது. நான் நாற்பது மையங்களில் இந்தத் தேர்வை நடத்தியிருக்கிறேன். ஒரு மையத்தில்கூட ட்ரோனை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் படிவத்தில் கவனம் சிதறிவிடும்."

படிவத்தில் 'அலை உயரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட முடியாது என்றார். சாம்ராஜ் சார் எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு, படகின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ட்ரெய்லரோடு கூடவே ஓடிக்கொண்டு மாறி மாறி இழுக்கச் சொன்னார். படகு ஆடியது. அதிகாரி டேப்பை வைத்து அளந்தார். ஏற்ற இறக்கம் சரியாக ஓரடி. எழுதிக்கொண்டார். அவருடைய முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

"மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் செலுத்துங்கள்" என்று பிச்சையா அண்ணாச்சியிடம் சொன்னார்.

"கடல் மைலு இந்த வண்டியில வராதுய்யா. ஒண்ணாங் கியரு வரும், ரெண்டாங் கியரு வரும். எது வேணும்?"

முதலில் ஃபஹீமா. தகர டப்பா நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்கள்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"தெரியாது சார்."

"தெரியாமல் படகில் எப்படி ஏறினீர்கள்?"

"ஏணி போட்டு சார்."

அவள் நன்றாகப் பறக்கவிட்டாள். கையில் பிடித்து இறக்கினாள். இறக்கிய சந்தோஷத்தில், ஓடிக்கொண்டிருந்த படகிலிருந்து கீழே குதித்துவிட்டாள். அதிகாரி பேனாவை எடுத்தார். நடுக் கண்மாயில் குதித்ததால் அவள் மூழ்கியதாகக் கருதப்படுகிறாள் என்று சொல்லி, இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

"ஏட்டி, நான் முங்கிட்டேனாம்" என்றாள் என்னிடம் வந்து. செருப்பில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே, "நீயாவது கரை வந்த பிறகு எறங்கு" என்றாள்.

என் முறை. பேட்டரியை மூன்று முறை சரிபார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். டிராக்டர் கிளம்பியது. கயிற்றுக்காரர்கள் ஓடினார்கள். அலையில் ஆடிக்கொண்டே ட்ரோனைக் கையிலிருந்து விட்டேன். மேலே போய் நின்றது. திரையில் கண்மாய் முழுவதும் வெடித்த சாம்பல் நிறத் தோல்போலத் தெரிந்தது. நடுவில் நாங்கள், ஒரு டிராக்டர், ஒரு படகு, இரண்டு பக்கமும் கயிற்றோடு ஓடும் நான்கு பேர். மேலேயிருந்து பார்க்கும்போது இதில் ஏதோ பெரிய தவறு இருப்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் முப்பதாம் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் நிற்கும் இடத்தை ட்ரோனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

அப்போதுதான் பிச்சையா அண்ணாச்சி பிரேக் போட்டார். வண்டிக்கு முன்னால் ஒரு பெண், கையில் ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் வள்ளித்தாய் என்பது பிறகு தெரிந்தது. கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி வெள்ளரி போட்டிருப்பவர். ஆடும் மேய்ப்பவர்.

"ஏட்டி, கீழ எறங்கு. எந்தக் கம்பெனிக்கு அளக்குதிய? காத்தாடியா, சோலாரா?"

"ரெண்டும் இல்ல சித்தி. பரீட்சை."

"பரீட்சைக்கு எதுக்குட்டி படகு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

"போன வருசமும் இப்படித்தான் ரெண்டு பேரு குடையப் பிடிச்சுக்கிட்டு வந்தானுவ. சும்மா பாக்குதோம்னானுவ. இப்ப அங்கன கம்பி வேலி நிக்கி. என் வெள்ளரியப் படம் எடுத்து யாருக்கு அனுப்புத?"

"ஏத்தா, வண்டிக்கு முன்னால நிக்காத, தள்ளு" என்றார் பிச்சையா அண்ணாச்சி.

"நீரும் கூட்டுத்தானவே?"

கரையிலிருந்து தேர்வு அதிகாரியின் ஒலிபெருக்கி கேட்டது. "படகு ஏன் நின்றது?"

"எதிர்ல ஒரு தடை சார்" என்று சாம்ராஜ் சார் பதிலுக்குக் கத்தினார்.

"படிவத்தில் பாறை, மணல்திட்டு, வேறு படகு என்ற மூன்று தடைகள்தான் உண்டு. இதில் எது?"

சாம்ராஜ் சார் வள்ளித்தாயைப் பார்த்தார். அவர் தொரட்டியை உயர்த்தினார். சாம்ராஜ் சார் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

"படகு நின்றிருக்கும்போது ட்ரோன் இறங்கினால் தேர்வு செல்லாது" என்றது ஒலிபெருக்கி. "மறு தேர்வு அடுத்த ஆவணியில்."

பேட்டரி இருபத்து நான்கு சதவீதம் என்று காட்டியது. அடுத்த ஆவணி வரைக்கும் மகபூப் பீவி ஏன் காத்திருக்கப் போகிறார்? நான் படகின் விளிம்பில் குனிந்து, "சித்தி, நம்பலேன்னா நீங்களே ஏறி வந்து பாருங்க. உங்க வெள்ளரி இதுல இருந்தா அழிச்சிருதேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் ஏணியில் ஏறினார். திரையைப் பார்த்தார். தன் வெள்ளரிப் பாத்தியையும் ஊற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இதுல ஆடு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"காலையிலேர்ந்து ஒரு செவலக் கெடாவக் காணும். எவனோ பிடிச்சிட்டுப் போயிட்டான்னுல்லா நெனச்சேன். உங்க கூட்டமோன்னுகூட ஒரு இது."

இருபத்தொரு சதவீதம். ட்ரோனைக் கண்மாயின் கிழக்கு மூலைக்கு அனுப்பினேன். சீமைக்கருவேல மரங்களின் மேல் மெதுவாக நகர்த்தினேன். மடைக்குப் பக்கத்தில், புதருக்குள் தனியாக, ஒரு செந்நிறப் புள்ளி.

"அந்தா நிக்கான்! ஏலே, திருட்டுப் பயல, அங்கன என்னல பண்ணுத?" என்று திரையைப் பார்த்தே கத்தினார். பிறகு திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? வண்டிய எடும்வே! மடைக்கு விடும்!" என்றார்.

டிராக்டர் கிளம்பியது. கயிற்றுக்காரர்கள் இத்தனை நேரம் ஓய்வெடுத்திருந்ததால் அலை ஓரடியைத் தாண்டியது. வள்ளித்தாய் விழாமலிருக்க என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதின்மூன்று சதவீதத்தில் ட்ரோன் தானாகவே திரும்பத் தொடங்கியது. எந்த இடத்துக்குத் திரும்புகிறது? கடைசியாக நான் எப்போது இடத்தைச் சொல்லிக்கொடுத்தேன்? இவர் ஏறுவதற்கு முன்பா? ஏறிய பிறகா? ஏறிய பிறகும் அழுத்தியதாக ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதனால் மறுபடியும் அழுத்தினேன். ட்ரோன் ஒரு கணம் கரைப்பக்கம் போவதுபோலச் சாய்ந்தது. பிறகு நேராக எங்கள் தலைக்கு மேல் வந்தது. கையை உயர்த்தினேன். படகு இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. பிடித்துவிட்டேன்.

விசிறிகள் நின்றன. அந்த ஒரு நிமிடம் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

கரைக்கு வந்ததும் அதிகாரி, "இறங்கியதா? படகு நகர்ந்ததா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். டிக் போட்டார். பிறகு வள்ளித்தாயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் யார்? புறப்படும்போது படகில் ஒருவர்தானே இருந்தார்? நடுக் கண்மாயில் இன்னொருவர் எப்படி வந்தார்?"

எல்லாரும் சாம்ராஜ் சாரைப் பார்த்தோம். "மீட்கப்பட்டவங்க சார்" என்றார்.

அதிகாரி படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே 'மீட்கப்பட்டோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. நாற்பது மையங்களிலும் அதை அவர் கோடு போட்டு அடித்திருக்கிறார். இப்போது '1 (பெண்)' என்று எழுதினார். எழுதிய பிறகு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளித்தாய்க்குக் கைகூப்பினார்.

"என்ன எங்கயிருந்துவே மீட்டிய?" என்று கேட்டுவிட்டு, அவர் ஆட்டைப் பிடிக்க மடைப்பக்கம் நடந்து போனார்.

இருபத்தாறாம் தேதி சான்றிதழ் வந்தது. முதல் வகுப்பு. மீட்புப் பணிக்குத் தனிப் பாராட்டு. வீட்டில் எல்லாரும் வாசித்தார்கள். நான் மட்டும்தான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன்: 'இச்சான்று நீர்ப்பரப்புகளின் மேல் பறக்கவிட மட்டுமே செல்லும்.'

நிலையத்துக்கு ஓடினேன்.

"கடைசியாத் தேறின பாடம் எதுவோ அதுதான் வகை" என்றார் சாம்ராஜ் சார். "நிலத்துக்குத் தனித் தேர்வும்மா."

"அத உடனே வைங்க சார். நாலு நாளுதான் இருக்கு."

"எங்க வைக்க? நமக்கு அனுமதிச்ச ஒரே எடம் அந்தக் கண்மாய்தான்."

"அதுலயே வைங்க சார். அது தரைதான?"

சாம்ராஜ் சார் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சத்தமாப் பேசாத. அது தரைன்னு நானே எழுதிக் குடுத்தா, நீ படகுல போனது பொய்யாயிரும். ஃபஹீமா முங்குனது பொய்யாயிரும். அந்தம்மாவ மீட்டது பொய்யாயிரும். மீட்டதுக்கு எனக்கு மேலேருந்து கடிதம் வந்திருக்கு, சட்டம் போட்டு மாட்டியாச்சு." சுவரைக் காட்டினார். மாட்டித்தான் இருந்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, தண்ணி மேல பறக்க இவ்வளவு அழகாக் கத்துக்கிட்ட பிள்ள, திடீர்னு தரை மேல பறக்கணும்னு ஏன் கேக்குத? யாரு உன்னச் சொல்லி அனுப்புனது?"

யாரும் அனுப்பவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. படியிறங்கும்போது, யாராவது அனுப்பித்தான் வந்தேனோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

முப்பதாம் தேதி காலை புளியங்குடி பஸ்ஸில் ஏறினேன். சின்ன எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சான்றிதழை நீட்டலாமா என்று பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் விழும் வரை யோசித்தேன். அப்படிச் செய்தால் அது ஏமாற்று வேலை. செய்யாவிட்டால் வேலை இல்லை. கடைசியில் விரலை எடுத்துவிட்டுத்தான் நீட்டினேன். எனக்கு மறைக்க வராது. வந்திருந்தால் மறைத்திருப்பேனோ என்னவோ.

மகபூப் பீவியின் எலுமிச்சைத் தோட்டத்தில், மோட்டார் அறைக்கு முன்னால், ராஜபாளையத்துக்காரரும் உட்கார்ந்திருந்தார். பெயர் இசக்கித்துரை. என்னைவிட நல்ல கோப்பு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மடியில் கவிழ்த்துக்கொண்டார். நானும் என்னுடையதைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மகபூப் பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சான்றிதழை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். சின்ன எழுத்தை இரண்டு முறை வாசித்தார்.

"தண்ணி மேல மட்டுமா?"

"ஆமாம்மா."

"எங்க தேர்வு வச்சாங்க?"

"இளையரசனேந்தல் கண்மாயில."

"அங்க ஏது பிள்ள தண்ணி?"

"இல்லம்மா."

அவர் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டார். இசக்கித்துரையின் பக்கம் கையை நீட்டினார். அவர் தயங்கித் தயங்கிக் கோப்பைக் கொடுத்தார். அதிலும் முதல் வகுப்பு. அதிலும் கீழே சின்ன எழுத்து இருந்தது. மகபூப் பீவி அதைச் சத்தமாகவே வாசித்தார். 'மரங்களற்ற திறந்தவெளி மைதானங்களின் மேல் மட்டுமே செல்லும்.'

"எங்க மையத்துல ஸ்கூல் கிரவுண்டுலதான் வச்சாவ" என்றார் இசக்கித்துரை.

மகபூப் பீவி இரண்டு காகிதங்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்தார். பிறகு இசக்கித்துரையின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோவிச்சுக்கிடாத தம்பி. உன் பேப்பருக்குத் தக்கன நான் மரத்தப் பூரா வெட்டணும். இந்தப் பிள்ள பேப்பருக்கு மோட்டாரப் போட்டாப் போதும்." திரும்பி, பம்புக்காரரைக் கூப்பிட்டார். "வே, கீழ்ப்பாத்தி பூராத் தண்ணியத் தெறந்து விடும். நிக்கட்டும். பிள்ள பறக்கவிடப் போறா."

"நேத்துத்தானம்மா பாய்ச்சினோம்?"

"நேத்து செடிக்கு. இன்னைக்குச் சர்டிபிகேட்டுக்கு."

இசக்கித்துரை கிளம்பினார். கேட் வரை போய்விட்டுத் திரும்பி, தண்ணீர் பாத்திக்குள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்காமல் ட்ரோன் பெட்டியைத் திறந்தேன். பேட்டரியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். தண்ணீர் கடைசி மரத்தின் தூர் வரை பரவி, பாத்தியெல்லாம் கலங்கலாக நின்றது. காலை விட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்கும் கீழேதான் வந்தது.

"அம்மா, இத நீர்ப்பரப்புன்னு ஒத்துக்கிடுவாங்களா? யாராவது சோதிக்க வந்துட்டா?"

"வரட்டுமே. எத்தன அடி ஆழம்னு உன் பேப்பர்ல போட்டிருக்கா? இல்லல்லா? செருப்பக் கழட்டிட்டு உள்ள எறங்கி அளந்துக்கிடச் சொல்லு."

ட்ரோனை உயர்த்தினேன். திரையில் எலுமிச்சை மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் தெரிந்தன. கீழ்வரிசையில் மூன்று மரங்கள் மட்டும் வெளிறியிருந்தன. அவை எத்தனையாவது மரங்கள் என்று எண்ணிச் சொன்னேன். மகபூப் பீவி போய் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிதான், நாளைக்கே வேலைக்கு வந்துரு" என்றார்.

பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. கிணற்றில் இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.